தி. நகரில் கடை போடுவதா, வேளச்சேரி மாலில் போடுவதா? வாங்க வருகிறவர்களின் பழக்கம் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: தாம்பரம் ரெடிமேட்

அனைவருக்கும் வணக்கம். தாம்பரத்தில் என் அப்பா இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குழந்தைகளுக்கான ரெடிமேட் துணிக்கடை நடத்தி வருகிறார். நான் படிப்பை முடித்துவிட்டு நான்கு ஆண்டுகளாக அவருடன் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாவதாக ஒரு கடை போடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. தியாகராய நகரில் உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் சிறிய கடை ஒன்று வாடகைக்கு வருகிறது. அதே நேரத்தில், வேளச்சேரிப் பக்கம் ஒரு மாலில் இடம் காலியாக இருப்பதாகத் தரகர் ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். (வேளச்சேரியைப் புறநகர் என்று சொன்னால் அங்கே வீடு வாங்கியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் தி. நகரை நடுவில் வைத்துப் பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது இன்னும் ஊரின் ஓரம்தான்.)

வாடகை, முன்பணம், பராமரிப்புக் கட்டணம் ஆகிய கணக்குகளை நானே போட்டுக்கொள்வேன். எனக்குப் பிடிபடாதது வாங்க வருகிறவரின் மனம். "தி. நகருக்கு வருகிறவன் துணி வாங்க வருகிறான், மாலுக்கு வருகிறவன் காற்று வாங்க வருகிறான்" என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. விலைச் சீட்டைப் பார்த்து முகம் சுளிக்காமல் வாங்குகிறவர்கள் மாலில்தானே அதிகம் என்பது என் எண்ணம். இரண்டு இடங்களிலும் வேலை பார்த்தவர்களோ, இரண்டு இடங்களுக்கும் போய் வாங்குகிறவர்களோ இங்கே இருந்தால், யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எந்த நேரத்தில் வருகிறார்கள், எதை மாற்றிக் கேட்கிறார்கள் என்பதையெல்லாம் கொஞ்சம் விரிவாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1: பழைய கவுண்டர்க்காரர்

தம்பி, உங்கள் அப்பா சொன்னதில் முக்கால் பங்கு சரி. தி. நகரின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் குழந்தைகள் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

தி. நகருக்கு வருகிற குடும்பம், வாங்குவது என்ற முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறது. செங்கல்பட்டு, மறைமலைநகர், உங்கள் தாம்பரம் என்று தெற்கேயிருந்து மின்சார ரயிலில் வந்து மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருவில் தோளோடு தோள் உரச நடந்து உஸ்மான் சாலைக்கு வந்து சேர்கிறவர்களின் கையைப் பாருங்கள். மடித்து வைத்த கட்டைப்பை ஒன்று இருக்கும். மணிபர்சுக்குள் ஒரு துண்டுச் சீட்டும் இருக்கும். மாமியாருக்கு ஒரு சேலை, நாத்தனார் பிள்ளைகளுக்கு இரண்டு செட், வேலைக்கார அம்மாவுக்கு ஒன்று என்று ஆள்வாரியாக எழுதியிருப்பார்கள். யாருக்கு, எத்தனை, ஏறத்தாழ எவ்வளவுக்குள் என்பதெல்லாம் முடிந்துபோன விஷயம். எந்தக் கடையில், என்ன நிறத்தில் என்பது மட்டுமே பாக்கி. அதற்காகத்தான் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு, பெரும்பாலும் முதலில் பார்த்த கடைக்கே திரும்பி வருவார்கள்.

குழந்தைத் துணி வியாபாரிக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தேர்ந்தெடுப்பது தாயல்ல, பல நேரங்களில் பாட்டி. நான் ஆயிரம் முறை பார்த்த காட்சி இது. பையனைத் திருப்பி நிறுத்தி, சட்டையை அவன் முதுகில் வைத்து, தோள் தையலைத் தோளோடு சேர்த்துப் பிடிப்பார். சரியாக இருந்தால் முகம் வாடும். "24 காட்டுனீங்களே, 26 எடுங்க, வளர்ற புள்ள" என்பார். பெண் குழந்தையின் பாவாடையென்றால் உள்பக்கம் திருப்பி, ஓரத்தில் எத்தனை விரற்கடை மடித்துத் தைத்திருக்கிறது என்று கட்டைவிரலால் அளப்பார்; மடிப்பைப் பிரித்துவிட்டால் அடுத்த தீபாவளிக்கும் ஆகுமா என்பதுதான் அவருடைய கணக்கு. குழந்தையிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அது கரும்புச்சாற்றை நினைத்துக்கொண்டு நிற்கும்.

பேரத்தைப் பற்றி ஒரு திருத்தம். தி. நகர் என்றாலே பேரம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பெரிய கடைகளில் அது ஒழிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அங்கே ஒரே விலைதான். கவுண்டரில் சீட்டு எழுதி, கல்லாவில் பணம் கட்டி, டெலிவரியில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு போகவேண்டும். பேரம் மிஞ்சியிருப்பது நடைபாதைக் கடைகளிலும் உங்கள் பார்வையில் இருப்பது போன்ற சந்துக் கடைகளிலும்தான். அங்கே பேரம் பேசாமல் வாங்கினால் ஏமாந்துவிட்டோம் என்று அவர்களுக்கே தூக்கம் வராது. ஆகவே விலை சொல்லும்போது குறைப்பதற்கு இடம் வைத்துச் சொல்லுங்கள். குறைத்த பிறகு ஒரு கைக்குட்டையாவது சும்மா கொடுங்கள்.

மாற்றித் தரும் தொல்லை அங்கே குறைவு. ஊருக்குப் போனவர்கள் ஒரு சட்டைக்காக மறுபடியும் ரயில் ஏற மாட்டார்கள். அண்ணனுக்கு வாங்கியது தம்பிக்குப் போகும், அவ்வளவுதான்.

காலத்தைப் பொறுத்தவரை, பொங்கல், ஆடி, தீபாவளி என்று ஆண்டுக்கு மூன்று அலை அடிக்கும். ஆடியில் கல்யாணம் இல்லை, வியாபாரம் படுத்துவிடும் என்பதால் தேங்கிய சரக்கைத் தள்ளுவதற்காக ஆரம்பித்த தள்ளுபடி, இன்று அதற்காகவே ஒரு கூட்டத்தை வரவழைக்கிறது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறுகளில் போலீஸார் கண்காணிப்புக் கோபுரம் கட்டி, நகையையும் பிள்ளையையும் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளும்படி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அந்த நாட்களில் ஒரு சிறிய கடைக்கு வேண்டியதெல்லாம் எடுத்துக் கொடுக்க நான்கு கைகளும், சில்லறையும்தான். மற்ற மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்குக் கொட்டாவி விடலாம்.

பதில் 2: மூன்றாம் தளம்

வணக்கம். சென்னையின் ஒரு மாலில் குழந்தைகளுக்கான ஆடைக் கடையில் ஆறு ஆண்டுகள் மேலாளராக இருந்தவள் நான். மேலே ஐயா எழுதியதைப் படித்தபோது, இரண்டும் ஒரே தொழில்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

காற்று வாங்க வருகிறார்கள் என்பதை நான் மறுக்கப் போவதில்லை. மே மாதத்து அக்னி நட்சத்திரத்தில் குளிர்ச்சிக்காக மட்டுமே வந்து, எங்கள் கடையை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகிற குடும்பங்கள் உண்டு. ஆனால் அப்படி வருகிறவர்களும் வாங்குகிறார்கள். எப்போது வாங்குகிறார்கள் என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். திரைப்படத்துக்குப் போகும்போது யாரும் பையைச் சுமந்துகொண்டு உள்ளே போக விரும்புவதில்லை. ஆகவே போகும் வழியில் பார்ப்பார்கள், திரும்பும் வழியில் வாங்குவார்கள். மாலைக் காட்சி விடும் நேரத்தில் கடையில் ஆள் குறைவாக வைத்திருந்தீர்களென்றால் அன்றைய வியாபாரம் போயிற்று. உணவுக்கூடத்துக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் நல்லது என்று தரகர் சொல்லக்கூடும். அதை நம்ப வேண்டாம். கையில் உருகும் ஐஸ்கிரீமோடு வரும் குழந்தையை வெள்ளை கவுன்கள் தொங்கும் வரிசைக்குள் விடுவதற்கு எந்தத் தாய்க்கும் மனம் வராது. நகரும் படிக்கட்டில் ஏறி வந்தவுடன் கண்ணில் படும் இடந்தான் இடம்.

தேர்ந்தெடுப்பவர் யார் என்று கேட்டிருந்தீர்கள். எங்களிடம் குழந்தைதான் தேர்ந்தெடுக்கும். நெஞ்சில் கார்ட்டூன் படம் போட்ட பனியனை அது இடுப்பு உயரத்தில் கண்டுபிடித்துவிடும். அதனால்தான் அந்தச் சரக்கை அந்த உயரத்திலேயே தொங்கவிடுவோம். தாய் அளவையும் துணியின் மென்மையையும் பார்ப்பார். தந்தை வாசலில் நின்று கைப்பேசியைப் பார்ப்பார். விலைச் சீட்டைப் படமெடுத்து இதே பொருள் இணையத்தில் என்ன விலை என்று தேடுகிறவரும் பெரும்பாலும் அவரே. அந்தத் தேடல் முடிவதற்குள் குழந்தை பனியனைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றுவிட்டால் வியாபாரம் உங்களுடையது.

அளவுதான் பெரிய வேறுபாடு. இங்கே யாரும் ஒரு அளவு பெரிதாகக் கேட்பதில்லை. உடை மாற்றும் அறையில் போட்டுப் பார்த்து, இன்று உடம்பில் எப்படி நிற்கிறதோ அதை வைத்துத்தான் எடுப்பார்கள். ஆறு மாதத்தில் சின்னதாகிவிட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர்களுடைய எண்ணம். ஒரு தடவைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு உருப்படிதான். ஐயா சொன்னது போல ஆள்வாரியாகப் பட்டியல் போட்டு வந்தவர்களை நான் பார்த்ததே இல்லை. பிறந்தநாள் பரிசுக்காக வருகிறவர்கள் நிறைய உண்டு. அவர்கள் துணியைவிடப் பரிசுப் பொட்டலத்தின் தாளைத்தான் உற்றுப் பார்ப்பார்கள்.

மாற்றிக் கேட்பது இங்கே தினசரி வழக்கம். அது உரிமை என்று நினைக்கிறார்கள், அதில் தவறும் இல்லை. செவ்வாய், புதன்களில் வருகிறவர்களில் பலர் சனிக்கிழமை வாங்கியதைத் திருப்பித் தர வந்தவர்கள். முகம் கோணாமல் மாற்றிக் கொடுத்தால் அன்றைக்கே இன்னொன்றும் வாங்கிக்கொண்டு போவார்கள் என்பது என் அனுபவம்.

ஒன்றை மட்டும் உங்கள் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கடையைப் பாதி இறக்குவதோ, சொந்தத்தில் கல்யாணம் என்று பூட்டிவிட்டுப் போவதோ மாலில் நடக்காது. மால் திறந்திருக்கும் நேரம் முழுவதும் கடையும் திறந்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும்.

பதில் 3: மேற்கு மாம்பலம் வாசகி

நான் வியாபாரி அல்ல. நாற்பது ஆண்டுகளாக ரயில்பாதைக்கு இந்தப் பக்கம் குடியிருந்து, அந்தப் பக்கம் போய் வாங்குகிறவள். இரண்டு பதில்களும் இரண்டு விதமான மனிதர்களைப் பற்றிச் சொல்வது போல எழுதப்பட்டிருக்கின்றன. என் வீட்டில் இரண்டு இடங்களுக்கும் போவது ஒரே ஆட்கள்தான். பேரனுக்குக் காதுகுத்துக்கு வேட்டி சட்டை தி. நகரில் எடுத்தோம், அளவு பெரிதாகத்தான் எடுத்தோம். அவனுடைய பிறந்தநாளுக்கு என் மருமகள் மாலில்தான் வாங்கினாள். நானும் கூடப் போயிருந்தேன். அங்கே உள்மடிப்பைத் திருப்பிப் பார்க்க எனக்கே கை வரவில்லை. ஏன் என்று யோசித்தால், சுற்றியிருந்த யாரும் அப்படிப் பார்க்கவில்லை என்பதுதான் காரணம்.

மால் என்றால் ஊருக்கு வெளியே என்ற எண்ணமும் நம் ஊருக்கு முழுவதும் பொருந்தாது. அமெரிக்காவில் 1956-இல் மினியாபொலிஸ் நகருக்கு வெளியே ஈடினாவில் விக்டர் குரூயென் வடிவமைத்த சவுத்டேல், முழுக்க மூடிய கட்டடத்துக்குள் அமைந்த முதல் மால் என்று சொல்வார்கள். கார் வைத்திருக்கும் புறநகர்க் குடும்பத்துக்காகக் கட்டியது அது. இங்கே நாங்கள் முதலில் பார்த்த ஸ்பென்சர் பிளாசா அண்ணா சாலையிலேயே இருந்தது. 2010-இல் வந்த எக்ஸ்பிரஸ் அவென்யூவும் ராயப்பேட்டையில்தான். 2013-இல் வேளச்சேரியில் ஃபீனிக்ஸ் திறந்த பிறகுதான், கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பும் பழக்கம் எங்கள் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. தி. நகருக்குக் காரில் போவது பற்றி எங்கள் தெருவில் யாரும் பேசுவதில்லை. அப்படிப் போனவர்கள் திரும்பி வந்து பேசுவார்கள்.

தி. நகர் ஒன்றும் கடைத்தெருவாகப் பிறந்த இடமல்ல. நீதிக்கட்சி ஆட்சியில் 1920-களில் குடியிருப்பாக மனை பிரித்து, சர் பிட்டி தியாகராயர் பெயரை வைத்தார்கள். நல்லி 1928-இல் தொடங்கியது. சௌந்தரபாண்டியனார் பெயரால் அமைந்த அங்காடியைத்தான் ஊரார் பாண்டி பஜார் என்று சுருக்கிவிட்டார்கள். குடியிருப்பாக இருந்த தெருக்களில் கடை பெருகியதன் விளைவுதான் அந்த நெரிசல். 2011 அக்டோபர் இறுதியில் விதிமீறல் என்று பல பெரிய கடைகளுக்குச் சீல் வைத்தபோது, உஸ்மான் சாலையில் கையை வீசிக்கொண்டு நடக்க முடிந்தது எனக்கு இன்னமும் நினைவிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், நடக்க வசதியாக இருந்த அந்த நாட்களில் நடக்க யாரும் வரவில்லை.

நீங்கள் கடை பார்ப்பதானால் அண்மைக் காலத்து மாற்றங்களைக் கவனியுங்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதும், பெண்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வார நாட்களிலேயே வந்துவிட்டுப் போவதைப் பார்க்கிறேன். முன்பு மாதத்தில் ஒரு நாள் மொத்தமாக வாங்கியதை இப்போது இரண்டு மூன்று நடையாகப் பிரித்து வாங்குகிறார்கள். 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறந்த பிறகு அங்கே உட்கார இடம் கிடைத்தது. உட்கார இடம் கிடைத்தால் வேடிக்கை பார்க்கும் கூட்டமும் வரும். சனிக்கிழமை மாலை அங்கே போய்ப் பாருங்கள், கையில் பை இல்லாத இளைஞர்கள்தான் பாதிப் பேர். அதைக் கூரை இல்லாத மால் என்றே சொல்லலாம். 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்துக்கும் தி. நகர்ப் பேருந்து நிலையத்துக்கும் இடையே ஆகாய நடைபாதை திறந்தார்கள். பேருந்துக்குப் போகிறவர்கள் இப்போது ரங்கநாதன் தெருவில் முட்டி மோத வேண்டியதில்லை, மேலேயே போய்விடுகிறார்கள். போகிற போக்கில் ஒரு ரிப்பன், ஒரு பின் என்று வாங்கிய அந்தக் கை இப்போது தலைக்கு மேலே நடக்கிறது.

மழையையும் மறந்துவிட வேண்டாம். தீபாவளியும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகத்தான் வரும். மழை பெய்தால் தெருக் கடையின் கூட்டம் மாலுக்குப் போய்விடும் என்று சொல்வார்கள். ஆனால் வேளச்சேரியின் தண்ணீர்க் கதையை 2015-இலும் 2023-இலும் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மாலுக்குள் நனைய மாட்டீர்கள், மாலுக்குப் போய்ச் சேர்வதுதான் கேள்வி.

கேட்டவரின் மறுமொழி: தாம்பரம் ரெடிமேட்

மூவருக்கும் நன்றி. மேற்கு மாம்பலம் அம்மா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நான்கு நாள் கழித்து அவரே, "வா, அந்த மாலைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்" என்று கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு குழந்தைகள் ஆடைக் கடைக்கு எதிரே இருந்த இருக்கையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சகோதரி சொன்னது போலவே, மாலைக் காட்சி விட்ட நேரத்தில்தான் கல்லாவில் வரிசை நின்றது.

அந்த வரிசையில் எங்கள் தாம்பரம் கடையின் வாடிக்கைக்கார அம்மா ஒருவரும் நின்றிருந்தார். அப்பாவுக்குப் பதினைந்து ஆண்டுப் பழக்கம். எங்கள் கடையில் இருநூறு ரூபாய்ச் சட்டைக்குப் பத்து ரூபாய் குறைக்காமல் அவர் போனதே கிடையாது. குறைத்த பிறகும் பையை ஒரு தடவை உதறிப் பார்த்துவிட்டுத்தான் போவார். அவர் அங்கே ஒரு கவுனை எடுத்து, விலைச் சீட்டைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் கல்லாவில் வைத்து, பைக்குத் தனியாகக் காசு கேட்டபோது அதையும் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். வந்ததும் எங்களைப் பார்த்துவிட்டார். பையைப் புடவைத் தலைப்புக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டு, "பேத்தி அடம் பிடிச்சா அண்ணே" என்றார். அப்பா எழுந்து நின்று, "நல்லாருக்கும்மா, நல்ல துணி" என்றார். வீடு திரும்பும் வரை அப்பா வேறு எதுவும் பேசவில்லை. இரவு சாப்பிடும்போது மட்டும், "பத்து ரூபாய் அந்தம்மாவுக்குக் காசு இல்லடா, என்னோட பேசுறதுக்கான கூலி" என்றார்.

எங்களுக்கு வரும் சரக்கில் 24-க்கு மேற்பட்ட அளவுகளே அதிகம். உள்மடிப்புள்ள பாவாடைச் சட்டைக்கு என்றே தனி ஆள் தைத்துக் கொடுக்கிறார். கார்ட்டூன் பனியன் எங்களிடம் இல்லை. முகம் கோணாமல் மாற்றிக் கொடுக்கும் பொறுமை அப்பாவிடம் அறவே இல்லை. ஆகவே தி. நகர்க் கடைக்கே முன்பணம் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். ஒரே ஒரு குழப்பம். அந்தக் கட்டடத்தில் தரைத்தளத்தில் எண்பது சதுர அடி ஒன்றும், அதே வாடகைக்கு முதல் மாடியில் இருநூறு சதுர அடி ஒன்றும் இருக்கின்றன. ஐயா, தாங்கள் எதைச் சொல்வீர்கள்?

பதில் 4: பழைய கவுண்டர்க்காரர்

தரைத்தளம், தம்பி. தேர்ந்தெடுப்பது பாட்டி என்று எழுதியிருந்தேன் அல்லவா? பெரிய கடையில் மின்தூக்கி இருக்கிறது, ஏறுவார். உங்கள் சந்தில் செங்குத்தான பதினெட்டுப் படி. முழங்கால் வலியோடு அவர் கீழேயே நின்றுகொண்டு மருமகளை மட்டும் மேலே அனுப்புவார். மருமகள் தனியாக எதையும் முடிவு செய்துகொண்டு இறங்க மாட்டாள்.

எண்பது சதுர அடி போதும். சரக்கை மாடியில் ஒரு மூலையில் வைத்துக்கொள்ள இடம் கேட்டுப் பாருங்கள். கடை வாசலில் ஒரு முக்காலி மட்டும் போடுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் போய், அந்தச் சந்தில் ஆள் நடமாட்டம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாச் சந்தும் நன்றாகத்தான் இருக்கும்.